நூல் மில் ஆண்டறிக்கை: கணக்கு சுத்தம், காரணம்தான் இல்லை

கோயம்புத்தூர்ப் பக்கம் பங்குச்சந்தையில் இருக்கிற ஒரு நூல் மில்லின் ஆண்டறிக்கை பற்றி எழுதுகிறேன். பேர் வேண்டாம்.

முதலில் நல்லது. ஏஜிஎம்முக்கு, அதாவது பங்குதாரர்களின் வருடாந்திரப் பொதுக்கூட்டத்துக்கு, 21 நாள் முன்னால் அறிக்கை அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம், அதில் இவர்கள் பிசகியதே இல்லை. ஆடிட்டரும் குறை எதுவும் எழுதவில்லை.

எனக்குக் கோபம் இயக்குநர்கள் அறிக்கை மேல்தான். 2013 கம்பெனிச் சட்டம் 134-ஆம் பிரிவு கேட்கிற தலைப்புகள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் உள்ளே பழைய வாசகத்தையே வருஷத்தை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். 2022-23 அறிக்கையைப் பாருங்கள். 2022 மே மாதம் ஒரு கண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, லட்ச ரூபாயைத் தாண்டியது. அந்த விலைக்கு வாங்கிக் குடோனில் அடுக்கியவர்கள் விலை இறங்கியதும் என்ன பாடுபட்டார்கள் என்று பல்லடத்திலோ சோமனூரிலோ யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். லாபம் அப்படிச் சரிந்த வருஷத்துக்கு நம்ம போர்டு எழுதியது "மூலப்பொருள் விலையில் ஏற்ற இறக்கம்" என்று ஒரே வரி. எத்தனை மாதச் சரக்கு வைத்திருந்தீர்கள், என்ன விலைக்கு வாங்கினீர்கள்? அதற்கான தடயம் பின்னால், கணக்குக்கு விளக்கம் சொல்லும் நோட்ஸில், கையிருப்பின் மதிப்பைக் குறைத்த ஒரு தொகையாகப் பொடி எழுத்தில் கிடக்கிறது. பஞ்சு விலை ஏறி இறங்கியது இவர்கள் தப்பு இல்லையே, முன்பக்கத்தில் சொல்ல என்ன தயக்கம்?

உறவுக் கம்பெனிகளுடன் நடந்த வியாபாரமும் அப்படித்தான். இந்த வியாபாரத்தைச் சொல்வதற்கென்றே இருக்கிற ஏஓசி-2 படிவத்தில் சொல்ல ஒன்றுமில்லை என்று போட்டுவிட்டு, நோட்ஸில், மில்லைக் கையில் வைத்திருக்கிற புரமோட்டர் குடும்பத்துப் பனியன் கம்பெனிக்கு நூல் விற்ற கணக்கைக் காட்டுகிறார்கள். சந்தை விலையில், வழக்கமான வியாபாரமாக, பெரிய தொகை இல்லாமல் நடந்திருந்தால் சட்டப்படி சரிதான். ஆனால் என்ன விலை, எத்தனை நாள் கடன் என்று இரண்டு வரி எழுதினால் சந்தேகமே வராது.

ஏஜிஎம் வீடியோவில் நடந்தது. பேசுவதற்கு முன்கூட்டியே பதிந்து, இதையே கேட்டேன். மெயிலில் பதில் தருகிறோம் என்றார்கள், இன்னும் வரவில்லை.

பங்கை நான் விற்கவில்லை, மில் நல்ல மில். நீங்களும் வைத்திருந்தால் தலைவர் உரையைத் தள்ளிவிட்டு முதலில் ஆடிட்டர் அறிக்கை, அப்புறம் கையிருப்பு, உறவுக் கம்பெனிகள், நிலுவை வழக்குகள் பற்றிய நோட்ஸ், கடைசியில் இயக்குநர்கள் அறிக்கை என்று படியுங்கள். ஏஜிஎம்மில் பேசவும் பதிந்துகொள்ளுங்கள், நாலு பேர் ஒரே கேள்வியைக் கேட்டால் தட்டிக்கழிப்பது அவ்வளவு சுலபமில்லை.