முதியோர் இல்லத்தில் மூன்றரை லட்சம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

மதுரையில், கட்டணம் செலுத்தித் தங்கும் முதியோர் இல்லம் ஒன்றில் நான் கட்டிய மூன்றரை லட்சம் ரூபாய் இன்றுவரை திரும்பவில்லை. நேற்று மாலை அதன் மேலாளர், "நீங்க குடுத்தது நன்கொடை, நன்கொடையை யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க பாட்டி" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். இல்லத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருப்பதால், நகருக்கு வெளியே, அழகர்மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருப்பது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. சென்னையில் தம்பி மகன் ஒருவன் இருக்கிறான். தெற்கு மாசி வீதிப் பக்கம் மாடி வீட்டில் குடியிருந்த எனக்கு முழங்கால் வலியால் படியேற முடியாமல் போனபோது, யாரும் விரட்டாமல், யாரிடமும் கையேந்தாமல், என் ஓய்வூதியத்தை நம்பி நானே எடுத்த முடிவு இது. அந்த இல்லத்தைப் பார்க்கப் போன அன்று மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேட்டேன். விடியுமுன் என் காபியை நானே போட்டுக்கொள்ள வேண்டும். அறைச் சாவி என்னிடம் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மீனாட்சி கோயிலுக்கும், தோன்றியபோது கடைவீதிக்கும் போய்வர எவருடைய அனுமதியும் தேவைப்படக் கூடாது.

மேலாளர் மூன்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டியதோடு நிற்காமல், அறைக்கு அழைத்துச் சென்று சாவியை என் உள்ளங்கையில் வைத்து, "இனிமே இது உங்க வீடு மேடம், கதவைத் தட்டாம நானே உள்ள வர மாட்டேன்" என்றார். தாழ்வாரத்தில் செய்தித்தாளுடன் உட்கார்ந்திருந்த ஓர் அம்மையாரைக் காட்டி, "இவங்க நினைச்சா ராமேஸ்வரமே போய்ட்டு வருவாங்க" என்றபோது அந்த அம்மையாரும் சிரித்தார். அவருக்குக் காது கேட்காது என்பது குடிபோன பிறகுதான் தெரிந்தது. அந்தச் சாவியை வாங்கிய கையாலேயே மூன்றரை லட்சத்துக்குக் காசோலை எழுதினேன். ரசீதில் 'நன்கொடை' என்று இருந்ததைக் கண்டு உடனே கேட்டேன். "80ஜி வரிவிலக்குக்காக அப்படிப் போடுறோம் மேடம், காலி பண்ணும்போது முழுசா வந்துரும்" என்று பக்கத்தில் கணக்காளரை வைத்துக்கொண்டே சொன்னார்.

முதலில் மின்கெண்டி போயிற்று. தீ விபத்து அபாயம் என்றார்கள். பிறகு என் மாத்திரைகள் செவிலியர் அறை அலமாரிக்குப் போயின. சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய சர்க்கரை மாத்திரை சாப்பிட்டு முடித்த பிறகு வந்து சேரும். சாவி என்னிடம் இருந்தது, ஆனால் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள். இரவு உணவு ஆறரைக்கு, பசித்தாலும் பசிக்காவிட்டாலும். இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

சித்திரைத் திருவிழாவில்தான் சாயம் வெளுத்தது. மலையிலிருந்து கள்ளழகர் மதுரைக்கு இறங்கிவரும் சாலை அந்த இல்லத்திலிருந்து நடக்கும் தூரம். மூன்றுமாவடியில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குப் போக முடியாத முழங்கால் ஆயிற்றே, பக்கத்தில் அழகர் நின்று போகும் மண்டகப்படியிலாவது பார்த்துவிடலாம் என்று கிளம்பியவளைக் காவலாளி மறித்தார். பொறுப்பாளரின் கையெழுத்து வேண்டுமாம். அவசரத்துக்கு யாருக்குச் சொல்வது என்று கேட்டு விண்ணப்பத்தில் எழுதி வாங்கிய தம்பி மகன் பெயரைத்தான் பொறுப்பாளர் என்று வைத்திருந்தார்கள். அவன் தொலைபேசியில், "அத்தை போகட்டும் சார், அவங்க என்ன சின்னப் பிள்ளையா?" என்றான்; எழுத்தில் அனுப்பச் சொன்னார்கள். வாணவேடிக்கைச் சத்தத்தை அறைக்குள் இருந்தபடி கேட்டேன். நாற்பது பிள்ளைகளை மேய்த்து வைகை அணைக்குச் சுற்றுலா கூட்டிப்போன என்னை, வாசலைத் தாண்ட ஆள் கேட்டு நிறுத்தினார்கள்.

அந்த மாதமே வெளியேறினேன். அதன்பின் மூன்றரை லட்சத்துக்கு அவர்கள் சொன்ன பதில்களைக் கேளுங்கள். அறங்காவலர் வெளியூர் போயிருக்கிறார். கணக்குப் பிரிவில் சொல்லியாகிவிட்டது. அந்த அறைக்கு வேறு ஆள் வந்ததும் தருகிறோம். சுவருக்கு வண்ணம் பூசிய செலவையும் முன்னறிவிப்புக் காலக் கட்டணத்தையும் கழித்துக்கொண்டு தருகிறோம். நேரில் போனபோது வரவேற்பறையில் மதியம்வரை உட்கார வைத்துவிட்டு, மேலாளர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். கடைசியாக வந்ததுதான் நன்கொடை என்ற பேச்சு. மூன்றரை லட்சம் என்பது என் பணிக்கொடையில் மிஞ்சியிருந்த பணம்.

எச்சரிக்கையாகச் சொல்ல நிறைய நினைத்திருந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது. ரசீதில் 'திருப்பித் தரத்தக்க வைப்புத்தொகை' என்று எழுதித் தராத இடத்தில் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். பொறுப்பாளர் என்ற கட்டத்தில் 'அவசரத் தகவலுக்கு மட்டும்' என்று நீங்களே பேனாவால் எழுதுங்கள். வெளியே போய்வருவது, சமையல், மருந்து, பூட்டு ஆகிய நான்கையும் ஒப்பந்தத்தில் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். மாதக் கட்டணம் மட்டும் கட்டிச் சில வாரம் தங்கிப் பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். சுயநினைவோடு இருக்கும் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 127-ஆம் பிரிவின்கீழ் குற்றம் என்று வழக்கறிஞர் சொன்னார். வாசலில் மறித்தால் இதைச் சொல்லுங்கள். தொலைபேசி எண்கள்: முதியோர் உதவிக்கு 14567, நுகர்வோர் புகாருக்கு 1915. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும். என் மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்து இல்லங்களில் பெற்றோரைச் சேர்த்திருப்பவர்கள் இன்றிரவே ரசீதை எடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.