ஆப்ஷன் கிளாஸுக்குப் போய் ₹3,12,000 போச்சு: கடலூர், பாண்டி ஆளுங்க தயவுசெஞ்சு படிங்க

நேத்து சாயங்காலம் டிரேடிங் அக்கவுண்ட்ல இருந்த மிச்சத்தை பேங்குக்கு மாத்தினேன். ₹7,420. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தா மொத்தமா ₹3,12,000 போயிருக்கு. கை இன்னும் நடுங்குது. ரெண்டு நாள் ஆறப்போட்டா எழுதவே மாட்டேன்னு தெரியும், அதான் ராத்திரியோட ராத்திரியா எழுதறேன். புதுசா ஆப்ஷன் கத்துக்கப் போறவங்க என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

நான் கடலூர் சிப்காட்ல ஒரு கம்பெனியில வேலை பார்க்கறேன். வீடு திருப்பாப்புலியூர். அம்மா ஊர் பண்ருட்டி பக்கம், ஒன்றரை ஏக்கர் முந்திரி. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல ஒரு மரம் மிச்சமில்லாம சாஞ்சு போச்சு. அம்மாவே குழி எடுத்து மறுபடி கன்னு வச்சு, தண்ணி சுமந்து வளர்த்த தோப்பு அது. காய்ப்புக்கு வந்தப்புறம் வந்த குத்தகைப் பணத்தைத் தொடாம சேர்த்து வச்சிருந்தாங்க. என் பொண்ணு இப்ப ப்ளஸ் டூ. காலேஜ் ஃபீஸுக்குன்னு சொல்லி அந்தப் பணத்தை என் கையில கொடுத்தாங்க. போனது அந்தப் பணம்.

பாண்டியில ஒரு மாடியில நடக்குற பங்குச்சந்தை பயிற்சி மையம். பேர் போடல. கூட வேலை பார்க்குற தம்பி ஒருத்தன்தான் கூட்டிட்டுப் போனான், அவனுக்கும் போயிருக்கு, அவனை நான் குறை சொல்லல. நாலு ஞாயித்துக்கிழமை கிளாஸ், ₹18,000.

சொல்லித் தந்தவருக்கு ஒரு முப்பத்தஞ்சு வயசு இருக்கும். வந்த உடனே எல்லாரையும் எந்த ஊரு, என்ன தொழில்னு கேட்டார். பண்ருட்டி, முந்திரின்னு நான் சொன்னதும் போர்டு பக்கம் திரும்பி அதை வச்சே பாடம் ஆரம்பிச்சார். "அண்ணா, தை மாசம் மரம் பூத்திருக்கு. ஒரு வியாபாரி வந்து மூட்டைக்கு 500 ரூபா இப்பவே கையில கொடுக்கறான். சித்திரை முடியறதுக்குள்ள மூட்டை 12,000-க்கு எடுத்துக்கற உரிமை எனக்கு, எடுத்தாலும் எடுக்காட்டியும் அந்த 500 உங்களுக்குத்தான்னு சொல்றான். சித்திரையில விலை 15,000 போனா அவன் 12,000-க்கு எடுப்பான். 500 போக மூட்டைக்கு 2,500 அவனுக்கு லாபம். விலை 9,000-க்கு விழுந்தா வரவே மாட்டான், அவனுக்கு நஷ்டம் 500 மட்டும். அந்த 500-தான் பிரீமியம். 12,000 ஸ்ட்ரைக். சித்திரை கடைசி எக்ஸ்பைரி. இதுதான் கால் ஆப்ஷன்." அப்புறம் அதையே திருப்பிப் போட்டு, விலை விழுந்துடுமோன்னு பயப்படுற நீங்க 500 கொடுத்து, 10,000-க்கு விக்கற உரிமையை வாங்கி வச்சுக்கறதுதான் புட்டுன்னார்.

அவர் சொன்னதுல ஒரு வார்த்தை தப்பு கிடையாது. யூடியூப்ல எத்தனையோ பார்த்தும் ஏறாதது அன்னைக்கு பத்து நிமிஷத்துல மண்டையில ஏறுச்சு. எங்க தோப்பை வச்சே ஒருத்தர் இவ்வளவு தெளிவா சொல்றார்னா அவர் நம்ம ஆளுன்னு அந்த நிமிஷமே முடிவு பண்ணிட்டேன்.

அவர் சொல்லாம விட்டது மீதிப் பாதி. அதை ₹3,12,000 கொடுத்து நான் கத்துக்கிட்டேன், நீங்க சும்மாவே படிச்சுக்கோங்க. அந்த 500 ரூபா தினமும் கரையும். தையில 500-க்கு மதிப்பிருக்கிற உரிமை, விலை 12,000-லயே ஏறவும் இல்லாம இறங்கவும் இல்லாம நின்னாக்கூட பங்குனியில 200 ஆகும், சித்திரை கடைசி நாள்ல ஒண்ணுமில்லாம போகும். நிஃப்டிங்கற பங்குச்சந்தைக் குறியீட்டோட வார ஆப்ஷன்ல இந்தக் கரைச்சல் ஒரே வாரத்துல நடந்து முடிஞ்சிடும். நிஃப்டி 25,900-ல இருக்குன்னு வைங்க. ஏறும்னு நம்பி 26,100 கால் ஒண்ணு 60 ரூபாய்க்கு வாங்கறீங்க. ஒரு லாட், அதாவது ஒரு கட்டு, 2025-ல 75 எண்ணிக்கை, அதனால ₹4,500. செவ்வாய்க்கிழமை எக்ஸ்பைரியில நிஃப்டி 26,050-ல முடியுது. 150 பாயிண்ட் ஏறியிருக்கு, நீங்க நினைச்சது சரி. ஆனா உங்க ₹4,500 பூஜ்யம். 26,160 தாண்டினாத்தான் உங்களுக்கு முதலே திரும்பும். ஏறுமான்னு சரியா சொன்னா மட்டும் போதாது, எவ்வளவு ஏறும், எந்த நாளுக்குள்ள ஏறும், மூணும் சரியா இருக்கணும். நாலு ஞாயித்துக்கிழமையில இதை அவர் ஒரு தடவை கூட போர்டுல எழுதல.

கடைசி ஞாயித்துக்கிழமை கிளாஸ் முடிஞ்சு கீழ டீக்கடையில நின்னோம். காசு அவர்தான் கொடுத்தார். "அண்ணா, 9.15-க்கு மார்க்கெட் திறக்கும்போது நீங்க பிளான்ட் உள்ள இருப்பீங்க. எப்படி டிரேட் பண்ணுவீங்க? நாங்க பார்த்துக்கறோம். பணம் உங்க அக்கவுண்ட்லயேதான் இருக்கும், ஒரு ரூபா என்னால வெளிய எடுக்க முடியாது. லாபத்துல 30 சதவீதம் மட்டும் கொடுங்க." பணத்தை அவரால வெளிய எடுக்க முடியாதுங்கறதும் உண்மைதான். அந்த உண்மைதான் என்னைச் சாய்ச்சது. அவர் அனுப்பின லிங்க்லதான் அக்கவுண்டே திறந்திருந்தேன். ஐ.டி.யையும் பாஸ்வேர்டையும் டீக்கடை பில் பின்னாடி என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். அதுக்கப்புறம் தினமும் காலையில கம்பெனி கேட்டுக்கு வெளிய நின்னு, லாகினுக்கு வர்ற ஆறு இலக்க நம்பரைப் போன்ல அவர்கிட்ட சொல்லிட்டு, போனை லாக்கர்ல வச்சிட்டு உள்ள போவேன்.

முதல்ல ₹1,00,000 போட்டேன். ரெண்டு வாரத்துல ₹21,400 லாபம். அவர் பங்கு ₹6,420-ஐ ஜிபேல அனுப்பினேன். "அண்ணா, கேப்பிட்டல் கம்மியா இருக்கு, இருந்தா இன்னும் பண்ணலாம்"னார். ₹75,000 போட்டேன். அப்புறம் ஒரு ₹1,20,000. இதுக்கு நடுவுல அக்கவுண்டைத் திறந்து பார்க்காம இருந்தேன். தினமும் "இன்னைக்கு கிரீன்"னு மெசேஜ் வந்துடும், அதோட சரி.

ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருந்தேன். மதியம் ரெண்டு மணிக்கு ஆப்பைத் திறந்தா ஒரு கால் ஆப்ஷன்ல 20 லாட் நிக்குது. வாங்கின விலை 48. அதாவது 1,500 எண்ணிக்கை, ₹72,000. அப்ப அதோட விலை 11. உடனே போன் அடிச்சேன். "பயப்படாதீங்க அண்ணா, கடைசி அரை மணி நேரத்துல தூக்குவாங்க, கை வைக்காதீங்க." கை வைக்கல. திண்ணையில உட்கார்ந்து அந்த நம்பரையே பார்த்துட்டிருந்தேன். 11, 6, 2.40, 0.90. மூணரைக்கு 0.05. ₹72,000 போட்டது ₹75 ஆயிருந்துச்சு, அதுவும் மார்க்கெட் மூடினதோட இல்லாம போச்சு. உள்ள பொண்ணு கெமிஸ்ட்ரியை சத்தமாப் படிச்சிட்டிருந்தா.

அன்னைக்கு ராத்திரிதான் மெயிலைத் திறந்தேன். புரோக்கர் கிட்ட இருந்து வந்த கான்ட்ராக்ட் நோட்டு, அதாவது அன்னன்னைக்கு வாங்கினது வித்ததோட கணக்குச் சீட்டு, எல்லாம் வரிசையா படிக்காமக் கிடக்கு. ஒரே நாள்ல 64 ஆர்டர். ஆர்டருக்கு ₹20 வச்சா ₹1,280, 18 சதவீதம் ஜிஎஸ்டியோட ₹1,510. இது தவிர ஒவ்வொரு விற்பனைக்கும் எஸ்டிடின்னு ஒரு வரி. நாள் தவறாம இப்படித்தான். அவர் லிங்க்ல திறந்த அக்கவுண்ட்டோட புரோக்கரேஜ்ல அவருக்குப் பங்கு போகுதுன்னு அதே சென்டர்ல இருந்து விலகின ஒரு பையன் அப்புறம் சொன்னான். எனக்கு லாபமோ நஷ்டமோ, ஆர்டர் விழ விழ அவருக்கு வருமானம்! பணத்தை அவர் ஏன் வெளிய எடுக்கணும்?

கேட்டா என்ன சொல்றார் தெரியுமா? முதல் நாள், "அடுத்த வாரம் ரெக்கவர் பண்ணிடலாம் அண்ணா." அடுத்த வாரம், "மார்க்கெட்னா ரிஸ்க் இருக்கும், கிளாஸ்லயே சொன்னேனே." அதுக்கடுத்து "அண்ணா" போய் "சார்" ஆச்சு: "சார், பாஸ்வேர்ட் நீங்களா கொடுத்தது. நாங்க கேட்டதா எழுத்துல இருக்கா?" மூணு தடவை பாண்டிக்கு பஸ் ஏறிப் போனேன். மூணு தடவையும் அந்த ரிசப்ஷன் பொண்ணு தண்ணி கொடுத்து, "சார் சென்னை போயிருக்காரு"ன்னுது. மூணாவது தடவை கதவு இடுக்குல அவர் செருப்பு தெரிஞ்சது. நடந்ததை கிளாஸ் குரூப்ல எழுதினேன், ரெண்டு நிமிஷத்துல என்னைத் தூக்கிட்டாங்க. புரோக்கர் கஸ்டமர் கேர்ல கேட்டா, உங்க லாகின்ல இருந்து போன ஆர்டருக்கு நீங்கதான் பொறுப்புன்னு ஒரே வரி. ₹3,12,000-க்கு ஒரே வரி.

இதெல்லாம் நடந்தப்புறம் படிச்சதுதான். 2021-22ல இருந்து 2023-24 வரைக்கும் மூணு வருஷத்துல ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பண்ண தனி ஆளுங்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்த நஷ்டம் ₹1.8 லட்சம் கோடிக்கு மேலன்னு பங்குச்சந்தையைக் கண்காணிக்கற செபியே 2024 செப்டம்பர்ல சொல்லியிருக்கு. பங்குச்சந்தை பாடம் நடத்தறேன்னு சொல்லி, கடைசி மூணு மாச விலையை வச்சு இதை வாங்கு, அதை வாங்குன்னு சொல்ற ஆளுங்களோட பதிவு பெற்ற புரோக்கர்கள் தொடர்பு வைக்கக் கூடாதுன்னு 2025 ஜனவரியில சுற்றறிக்கையும் வந்திருக்கு. எங்க கிளாஸ்ல முதல் நாளே பெரிய ஸ்க்ரீன்ல அந்த வார விலை ஸ்க்ரீன்ஷாட்தான் ஓடுச்சு. அடுத்தவங்க பணத்தை வாங்கி நிர்வகிக்கறதுக்குன்னு செபி பதிவு தனியா இருக்கு, அதுல சேரவே குறைஞ்சது ₹50 லட்சம் வேணும். ஒரு லட்சத்துக்கு "நாங்க பார்த்துக்கறோம்"னு ஒருத்தன் சொன்னாலே அது அந்தப் பதிவுல வர்ற வேலை இல்லை.

விவரமா சொல்றேன்னேன், இப்ப மணி ரெண்டாகுது, முடியல. பாஸ்வேர்டையும் அந்த ஆறு நம்பரையும் கூடப்பிறந்த தம்பிக்குக் கூட கொடுக்காதீங்க. டிப்ஸ் கொடுக்கறவன் கிட்ட ஐ.என்.ஹெச் இல்ல ஐ.என்.ஏ-ன்னு ஆரம்பிக்கற பதிவு எண்ணைக் கேட்டு, செபி தளத்துல நீங்களே தேடிப் பாருங்க. கான்ட்ராக்ட் நோட்டை அன்னன்னைக்கே படிங்க. போலி ஆப், போலி அக்கவுண்டுக்குப் பணம் அனுப்பியிருந்தா உடனே சைபர் கிரைம் நம்பர் 1930-க்கு அடிங்க. புரோக்கர் மேல புகார்னா முதல்ல அவங்களுக்கு மெயில் போட்டுட்டு, சரிவரலன்னா செபியோட ஸ்கோர்ஸ்ங்கற புகார் தளத்துல போடுங்க, 21 நாள்ல அவங்க பதில் சொல்லணும். நான் மெயில் போட்டாச்சு, கான்ட்ராக்ட் நோட்டு அத்தனையும் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

அந்த மாடியில வர்ற ஞாயித்துக்கிழமை அடுத்த பேட்ச் தொடங்குது, பேனர் கட்டியிருக்காங்க. சேரலாம்னு இருக்கறவங்க போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. அந்த 64 ஆர்டர் நோட்டை அனுப்பறேன்.