குதிரைத்திறனைவிட ரப்பர் மூடியே முக்கியம்: இரண்டு ஆண்டு டிஸ்போசல் அனுபவம்

நியூ ஜெர்சியில் நாங்கள் வாங்கிய வீட்டின் சமையலறை சிங்க்கில் இருந்த பழைய அரைக் குதிரைத்திறன் டிஸ்போசல் (உணவுக் கழிவை அரைத்துத் தண்ணீரோடு குழாயில் அனுப்பும் மின்கருவி) அடிப்பாகத்தில் ஒழுகத் தொடங்கியதால், அதைக் கழற்றிவிட்டு முக்கால் குதிரைத்திறன் கொண்ட புதியதைப் பொருத்தி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அரைப்பதில் குறை இல்லை. சத்தமும் பழையதைவிடக் குறைவு. குறையெல்லாம் சுத்தம் செய்யும்போதுதான் தெரிகிறது.

1927-இல் விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் நகரில் ஜான் ஹேம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் உருவாக்கிய இக்கருவிக்குள் மிக்சியில் இருப்பதுபோல் கத்திகள் சுழல்வதாகவே நானும் எண்ணியிருந்தேன். உண்மையில், சுழலும் தட்டின் மேலுள்ள உலோகத் துண்டுகள் கழிவை, சுற்றிலும் உள்ள அரைக்கும் வளையத்தின் மீது தள்ள, அது அங்கே தேய்ந்து பொடியாகித் தண்ணீரோடு போகிறது. நார்ப்பொருள் அப்படித் தேயாது என்பதை, சாம்பாரில் கிடந்த முருங்கைக்காய்ச் சக்கையை என் வீட்டார் உள்ளே போட்ட அன்று தெரிந்துகொண்டோம். மோட்டார் உறுமியது, தட்டு அசையவில்லை, சற்று நேரத்தில் உறுமலும் நின்றது.

அப்போது ஸ்விட்சை அணைத்து, பிரேக்கரையும் இறக்கிவிட்டு, இயந்திரத்தின் அடிநடுவிலுள்ள துளையில் கால் அங்குல அறுகோணச் சாவியைச் செருகி, தட்டு தாராளமாகச் சுழலும் வரை இருபுறமும் திருப்ப வேண்டும். சிக்கியதை இடுக்கியால் எடுத்தபின், மோட்டார் ஆறச் சில நிமிடங்கள் விட்டு, அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மீண்டும் ஓடும். சாவி பெட்டியிலேயே வந்ததால் பிளம்பர் செலவு மிச்சமாயிற்று. இதற்காக இந்தத் தயாரிப்பைப் பாராட்டலாம்.

பாராட்ட முடியாதது சிங்க் துளையின் வாயில் மடல்களோடு இருக்கும் ரப்பர் மூடி. நாற்றத்தின் பெரும்பகுதி அதன் அடிப்புறத்தில் படியும் பிசுக்கிலிருந்தே வருகிறது, ஆனால் இந்த மாடலில் அதைக் கழற்ற இயலாது. மின்சாரத்தைத் துண்டித்து, மடல்களை ஒவ்வொன்றாக மடக்கி, பழைய பல் துலக்கியால் சோப்பு நீர் விட்டுத் தேய்க்கிறேன். எலுமிச்சைத் தோல் சிறிது நேரம் மணக்குமே தவிர அழுக்கை எடுக்காது. உள்ளே ஒட்டியதை உதிர்க்க ஐஸ் கட்டியும் கல் உப்பும் சேர்த்து அரைப்பது பயன் தருகிறது. அடைப்பு நீக்கும் அமிலத் திரவங்களை ஊற்றக் கூடாது. அரைக்கும்போது குளிர்ந்த நீரையே திறந்துவிட வேண்டும். சுடுநீர் விட்டால் உருகிய நெய் குழாய்க்குள் வெகுதூரம் சென்று உறைந்து அடைக்கும்.

அடுத்த முறை அரைக் குதிரைத்திறனே கிடைத்தாலும், ரப்பர் மூடியைக் கையால் கழற்றிக் கழுவ முடிகிற மாடலையே வாங்குவேன்.