கலங்கல் நீருக்கு 'உடையாத' தூண்டில் இரை என்று விற்கிறார்கள், வாங்காதீர்கள்

கொடுவாவுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பிறகு காசை எடுங்கள். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 850 ரூபாய் கொடுத்து மீன் வடிவச் செயற்கை இரை ஒன்று வாங்கினேன். 'கலங்கல் நீருக்கென்றே செய்தது, உடல் உடையாது, உள்ளே எஃகுக் குண்டுகள், தூண்டில் முள் வளையாது' என்று விளம்பரம் செய்திருந்தார்கள். அத்தனையும் பொய்.

ஐப்பசி மழைக்குப் பிறகு பழையாறு பக்கம், கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில், தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துவிட்டது போல் ஓடும். ஒரு சாண் ஆழத்தில் விட்ட கை தெரியாது. அந்த நீரில் கொடுவா கண்ணை மட்டும் நம்பி இரை தேடுவதில்லை. உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோட்டால் நீரின் அதிர்வை அறிந்து பாய்கிறது. அதனால்தான் துடித்து நீந்துகிற, உள்ளே குண்டுகள் கலகலக்கிற இரையாகப் பார்த்து வாங்குகிறோம். இதைப் பெட்டியிலிருந்து எடுத்து ஆட்டியபோதே சத்தம் மந்தமாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் விடியற்காலையில் மீன் அடித்தது. கம்பு வளைந்து ரீல் அலறியது. நான்கு கிலோவுக்குக் குறையாது. ஒருமுறை நீரைவிட்டு எழும்பித் தலையை உதறியது, அவ்வளவுதான், தூண்டில் நரம்பு தொய்ந்துவிட்டது. கொடுவாவின் செவுள் மூடி கத்தி போலிருக்கும். தங்கூசியை, அதாவது அந்த நைலான் நரம்பை, அறுத்துவிட்டது என்றே நினைத்தேன். சுற்றி எடுத்தால் தங்கூசி முழுதாக இருக்கிறது, முடிச்சு இருக்கிறது, இரையும் இருக்கிறது. வயிற்றடியில் முள்ளைத் தாங்கிய திருகு மட்டும் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது.

"மூன்று முனை முள்ளோடு போய்விட்டதே தம்பி, இனி அது எப்படி இரை தின்னும்?" என்றார் படகு ஓட்டி வந்த அண்ணன். போன பணத்தைவிட அந்தக் கேள்விதான் இன்னும் மனத்தை அறுக்கிறது.

வீட்டுக்கு வந்து உடலைப் பிளந்தேன். பெரிய மீனுக்கான நல்ல இரையில் மூக்கிலிருந்து வால்வரை ஒரே கம்பி ஓடும். முட்கள் அந்தக் கம்பியில்தான் தொங்கும். இதில் கம்பியே இல்லை. பிளாஸ்டிக்கில் அரை சென்டிமீட்டர்கூட இறங்காத சின்னத் திருகுகள். எஃகுக் குண்டுகள் என்றவை பாசிமணி போன்ற பிளாஸ்டிக் உருண்டைகள். ஒட்டிய இடத்தில் பசை விட்டு உள்ளே சேற்றுநீர் தேங்கியிருந்தது. வால் முள்ளை இடுக்கியால் பிடித்து இழுத்தேன், ஈயக் கம்பி போல நிமிர்ந்துகொண்டது.

படங்களோடு விற்பனையாளருக்கு எழுதினேன். "பெரிய மீன் இழுத்தால் எதுவும் உடையும் சார். பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று பதில் வந்தது. பெரிய மீனுக்கு என்று சொல்லித்தானே விற்றீர்கள் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஆற்றுக்குப் போகுமுன் இரையைச் சூடான நீரில் அமுக்கிப் பிடியுங்கள். மூட்டுவாயிலிருந்து குமிழி கிளம்பினால் அதற்குள் நீர் புகும். முள் வளையத்தை இடுக்கியால் பலமாக இழுத்தும் பாருங்கள். திருகு அசைந்தால் தயவுசெய்து அதை மீன் வாயில் கொடுக்காதீர்கள்.

விற்பனைப் பக்கத்தில் அதே படமும் அதே வாசகமும் இன்றும் இருக்கின்றன. பச்சை முதுகு, மஞ்சள் வயிறு, சிவப்புக் கண். விரலளவு நீளம்.