காலடிப்பேட்டை திண்ணைக் கடை: வடைகறிக்காகவே போகலாம்

பெயர்ப்பலகை கிடையாது. வடசென்னைக் காலடிப்பேட்டையில் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் போய் "ஆயா கடை" என்று கேட்டால் போதும். திண்ணைதான் ஹோட்டல்.

இட்லி சுமார். வடைகறிதான் விஷயம். வடையை ரொம்ப உதிர்க்காமல், பட்டை வாசனை தூக்கலாக இல்லாமல், கொஞ்சம் தளர்வாகச் செய்கிறார்கள். தேங்காய்ச் சட்னியில் தண்ணீர்தான் அதிகம். கேட்டால், "காலைல எட்டு மணிக்குள்ள வா கண்ணு, கெட்டியா தரேன்" என்கிறார் ஆயா. அதுவும் சரிதான்!

சாப்பிட்டதும் வண்டியை எடுக்காமல் தெருவைச் சுற்றுங்கள். 1717 முதல் 1720 வரை மதராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி வியாபாரத்துக்காக நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் இது. காலெட் பேட்டைதான் காலடிப்பேட்டை ஆனது. இப்போது தறிச் சத்தம் எங்கே கேட்கிறது? நெருக்கமான வீடுகளும், பெருமாள் கோயிலும், புரட்டாசி சனிக்கிழமைக் கூட்டமும்தான். அன்றைக்குக் கடைப் பக்கம் போகாதீர்கள், உட்கார இடம் கிடைக்காது.

2021-இல் மெட்ரோ வந்தபிறகு பாரிமுனையிலிருந்து வருவது சுலபம். பைக்கில் வந்தால் நிறுத்த இடம் தேடியே பசி போய்விடும். ஜிபே உண்டு, ஆனால் ஆயாவுக்குச் சில்லறைதான் பிடிக்கும்.