ஹென்ட்ரிக்சன் பருவத்து ஃப்ளை பெட்டி: எவை தங்கின, எவை கழிந்தன

நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலையில் பீவர்கில், வில்லோவீமாக் என்ற இரண்டு டிரவுட் ஆறுகள் ராஸ்கோ ஊருக்குப் பக்கத்தில் ஒன்று சேர்கின்றன. ஏப்ரல் மாதக் கடைசியில் இந்த ஆறுகளில் ஹென்ட்ரிக்சன் என்னும் மேஃப்ளை கூட்டம் கூட்டமாக எழும்பும். பல பருவங்கள் இங்கே டிரவுட் மீன் பிடிக்கப் பயன்படுத்திப் பார்த்த போலி ஃப்ளைகளை, அதாவது பூச்சி போலத் தெரிய இறகும் மயிரும் கட்டிய தூண்டில் முட்களைப் பற்றியது இந்தப் பகிர்வு. பெட்டியைப் பூச்சியின் பெயர்ப்படி அடுக்குவதைவிட, பூச்சி அப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்து அடுக்குவதே பலன் தருகிறது.

மேஃப்ளையை ஈசல் என்று எழுதுகிறார்கள், அது சரியில்லை. ஈசல் கறையான் இனம். மேஃப்ளை ஆற்றடியில் கல் இடுக்குகளில் நிம்ஃபாக (இளம்பூச்சியாக) வளர்ந்து, நாள் வந்ததும் மேலே வந்து, நீர்ப்பரப்பில் சட்டையைக் கழற்றிச் சிறகு விரிக்கும். சட்டையிலிருந்து பாதி வெளியே வந்த நிலைதான் எமர்ஜர். மங்கலான சிறகைப் படகுப் பாய் போல நிமிர்த்திக்கொண்டு மிதந்து வருவது டன். அது கரையோர மரங்களுக்குப் பறந்துபோய் இன்னொரு முறை சட்டை கழற்றும். சிறகு முளைத்த பிறகும் தோலுரிக்கும் பூச்சி உலகத்தில் இது ஒன்றுதான். பிறகு கண்ணாடிச் சிறகோடு திரும்பி, முட்டையிட்டு, சிறகைப் பரப்பியபடி நீரில் விழுந்து சாவது ஸ்பின்னர்.

மீன் எதைத் தின்கிறது என்பதை அது எழும்பும் விதம் காட்டிக்கொடுக்கும். மூக்கு வெளியே தெரிந்து, பின்னால் ஒரு காற்றுக்குமிழி மிதந்தால் பரப்பின் மேலிருந்து எடுத்திருக்கிறது, பெரும்பாலும் டன். மூக்கு தெரியாமல் முதுகும் துடுப்பும் மட்டும் புரண்டால் பரப்புக்குச் சற்றுக் கீழே எமர்ஜரைத் தின்கிறது. மாலையில் சத்தமில்லாமல் சின்ன வளையம் மட்டும் விழுந்தால் ஸ்பின்னர். சுற்றிலும் டன்கள் மிதந்து வரும்போது புரளும் மீனுக்கு டன்னையே மாற்றி மாற்றிப் போடுவதுதான் இந்தப் பருவத்தில் அடிக்கடி காணும் தவறு. கண்ணில் படுவது டன், மீன் தின்பதோ அதற்கு ஒரு விரற்கடை கீழே இருப்பது.

ஹென்ட்ரிக்சனுக்குத் தண்ணீர் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். எழும்பும் நேரம் பெரும்பாலும் பிற்பகல் 2 மணியை ஒட்டி இருக்கும். மேகமூட்டமான குளிர்நாளில் டன்னின் சிறகு சீக்கிரம் உலராது. அது நெடுந்தூரம் மிதந்துவரும், அன்று டன் போலிக்கு மீன் வரும். வெயில் நாளில் டன் சட்டெனப் பறந்துவிடுவதால் மீன் எமர்ஜர் பக்கம் திரும்பிவிடும். ஆற்றுக்குப் போகுமுன் வானத்தைப் பார்த்தே பாதித் தேர்வை முடித்துவிடலாம்.

இனி ஃப்ளைகள். ராய் ஸ்டீன்ராட் 1916-இல் கட்டிய பழைய ஹென்ட்ரிக்சன் ஃப்ளை இன்னும் பெட்டியில் இருக்கிறது, ஆனால் இரண்டே இரண்டு. சேவலின் கழுத்திறகு சுற்றியிருப்பதால் இறகு நுனிகளிலும் வாலிலும் எழும்பி நிற்கும். கல் மேல் துள்ளி ஓடும் நீரில் இது அருமை. அமைதியான மடுவிலோ உடல் பரப்பைத் தொடாமல் தூக்கலாக நிற்பதால் மீன் கிட்ட வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். தவிர, 12-ஆம் எண் முள்ளில் (எண் கூடினால் முள் சிறியது) கட்டியதை 6எக்ஸ் டிப்பெட்டில் (ஃப்ளையைக் கட்டும் நுனிநரம்பு, எக்ஸ் எண் கூடினால் மெல்லியது) வீசினால் காற்றாடி போலச் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். 4எக்ஸ் அல்லது 5எக்ஸ் போட்டால் இந்தத் தொல்லை குறையும்.

எல்லாப் பருவத்திலும் மிக அதிகமாக உழைத்தது ஸ்பார்க்கிள் டன், 14-ஆம் எண். கழுத்திறகு கிடையாது, மான் மயிர் அரைவட்டமாக விரிந்து சிறகாகிறது. வாலுக்குப் பதில் பழுப்புநிறச் செயற்கை இழை, பாதி கழன்ற சட்டையைக் காட்டும். அதாவது ஒரே ஃப்ளை எமர்ஜராகவும் டன்னாகவும் நடிக்கிறது. பழைய காம்பராடன்னில் இந்தச் சட்டை இல்லை, வால்தான் உண்டு; புரளும் மீனிடம் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. கடையில் வாங்குவதில் இரண்டு குறைகள் திரும்பத் திரும்ப வரும். மயிரை அளவுக்கு மீறித் திணித்திருப்பார்கள், தலைப்பாரத்தில் ஃப்ளை பக்கவாட்டில் சாயும். சட்டை இழையும் அடர்த்தியாக இருக்கும், நீரை உறிஞ்சி வால்பக்கத்தை இழுத்துக்கொண்டு போகும். ஆற்றங்கரையிலேயே கத்தரியால் இழையை உடல் நீளத்தில் பாதியாக வெட்டி, நாலைந்து இழை மட்டும் விட்டால் சரியாகிவிடும். நாலைந்து மீன் கடித்த பிறகு சிறகு பின்னால் படுத்துவிடும். அலசி, துணியில் ஒற்றி, கட்டைவிரல் நகத்தால் அடியிலிருந்து நெட்டி நிமிர்த்த வேண்டும்.

சிடிசி எமர்ஜர் மடுவில் ஸ்பார்க்கிள் டன்னையும் மிஞ்சும். வாத்தின் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றியுள்ள மென்சிறகில் கட்டியது அது. அதற்கு ஜெல் வகை மிதப்பெண்ணெய் தடவினால் இழைகள் ஒட்டிக்கொண்டு, போட்ட இடத்திலேயே மூழ்கும். உலர்த்தும் பொடி மட்டுமே போட வேண்டும். ஒரு மீன் பிடித்ததும் சளி ஒட்டிக்கொள்வதால் மறுவீச்சுக்கு உடனே தயாராகாது. ஒரே மாதிரி மூன்று வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கட்டுவதே வழி. நடுவில் நிற்கும் தூணைச் சுற்றிக் கழுத்திறகைக் குடை போலக் கட்டிய பாராசூட் ஆடம்ஸும் கிளிங்க்ஹாமரும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், அந்தி வெளிச்சத்தில் கை கொடுக்கும். மலிவானவற்றில் நடுத்தூணிலிருந்து கழுத்திறகு நழுவிவிடும். வாங்கியதும் தூணின் அடியில் ஒரு சொட்டு வார்னிஷ் வைத்தால் பருவம் முழுக்கத் தாங்கும்.

காலையில் பூச்சி எழும்புமுன் ஃபெசன்ட் பறவையின் வாலிறகில் கட்டும் ஃபெசன்ட் டெயில் நிம்ஃப், 14-ஆம் எண். ஃபிராங்க் சாயர் இங்கிலாந்தின் ஏவன் ஆற்றுக்காக உருவாக்கியதில் நூலே கிடையாது, மெல்லிய செம்புக் கம்பியாலேயே கட்டினார். கம்பி இல்லாமல் நூலில் கட்டியவற்றில் டிரவுட் பல் பட்டவுடன் இறகிழை அறுந்து பிரிகிறது. இழை சுற்றிய திசைக்கு எதிராகக் கம்பி ஓடியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

நிறத்தைப் பற்றி ஒரு விஷயம். மீன் பார்ப்பது பூச்சியின் வயிற்றை. முதுகைவிட வயிறு வெளிறியிருக்கும். சின்ன வலையில் ஒரு டன்னைப் பிடித்து உள்ளங்கையில் மல்லாத்திப் பாருங்கள்: ஹென்ட்ரிக்சன் பெண்ணின் வயிறு இளஞ்சிவப்பு கலந்த வெளிர்பழுப்பு. ஆண் சற்றுச் சிறியது, செம்பழுப்பு உடல், தலையில் தக்காளி நிறத்தில் பெரிய கண்கள். வால் மூன்று. போலியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுமுன் அதை நனைத்துவிட வேண்டும். உடலில் சுற்றிய உரோமம் ஈரமானதும் நிறம் கறுக்கும். உலர்ந்திருக்கும்போது அச்சாகப் பொருந்தும் ஃப்ளை தண்ணீரில் ஒரு சாயல் கூடுதலாகவே தெரியும். அதனால் கடையில் கொஞ்சம் வெளிறியதாகத் தெரிவதையே எடுப்பது என் வழக்கம்.

ஆனால் நிறம் கடைசி. மீன் மறுத்தால் முதலில் ஃப்ளை இழுபடுகிறதா என்று பாருங்கள். நீரோட்டம் நரம்பை இழுத்து, ஃப்ளை ஒரு நெல்முனை அளவு கோணலாக நகர்ந்தாலும் பெரிய டிரவுட் தொடாது. 9 அடி லீடருடன் (வீசும் கயிற்றையும் டிப்பெட்டையும் இணைக்கும் நரம்பு) 3 அடி 5எக்ஸ் நைலான் டிப்பெட் சேர்த்து, சற்றுத் தளர்வாக விழும்படி வீசினால் பாதி மறுப்புகள் போய்விடும். ஃபுளூரோகார்பன் மூழ்கும் நரம்பு, நிம்ஃபுக்கு ஆகும், மிதக்கும் உலர் ஃப்ளைக்கு வேண்டாம். அதன் பிறகும் வரவில்லையென்றால் ஒரு படி சிறிய ஃப்ளை, அடுத்து இன்னும் தாழ்வாக மிதக்கும் ஃப்ளை. இரண்டும் பலிக்காதபோதுதான் நிறம்.

மற்ற பூச்சிகள் சுருக்கமாக. குவில் கார்டன் ஹென்ட்ரிக்சனுக்குச் சற்று முன்பே வரும், வால் இரண்டு. இது ஆற்றடியிலேயே சட்டையைக் கழற்றிச் சிறகோடு மேலே ஏறுவதால் மூழ்கும் ஈர ஃப்ளை நன்றாக வேலை செய்யும். மே நடுவில் மார்ச் பிரவுன், முள் எண் 10 அல்லது 12. அடுத்து மாலைநேரத்து சல்ஃபர், 16. ஐசோனிக்கியா நிம்ஃப் கல்லேறிச் சட்டை கழற்றும் இனம், வேகமாக நீந்தும். அதன் போலியைச் சுண்டிச் சுண்டி இழுக்கலாம், மற்ற மேஃப்ளைகளுக்கு அது கூடாது. கோடைக் காலையில் டிரைக்கோ, 22 அல்லது 24. தண்ணீர் 20 டிகிரியை எட்டினால் பிடித்து விட்ட மீன் பிழைப்பது கடினம், அன்று வீசக்கூடாது.

ஹென்ட்ரிக்சன் வாரத்தில் ஒரு நாளுக்கு ஸ்பார்க்கிள் டன் ஆறு, சிடிசி எமர்ஜர் மூன்று, ஃபெசன்ட் டெயில் நான்கு, பாராசூட் இரண்டு, பழைய ஹென்ட்ரிக்சன் இரண்டு, மாலைக்குத் துருநிற ஸ்பின்னர் நான்கு போதும். எல்லா முள்ளிலும் முனைக்குப் பின்னாலுள்ள எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கி, நரம்பு கோக்கும் கண்ணில் வார்னிஷ் அடைத்திருந்தால் வீட்டிலேயே ஊசியால் குத்தித் திறந்து வையுங்கள். பூச்சி எழும்பும் ஒரு மணி நேரத்தில் அதற்கெல்லாம் பொழுதிருக்காது.