வாரண்டி இருந்தும் இரண்டு மாதச் சம்பளம் போனது: "டர்போ போயிடுச்சு" என்றால் உடனே பணம் கட்டாதீர்கள்

இரண்டு மாதச் சம்பளம். வாரண்டி முடியாத காருக்கு, பழுதே ஆகாத டர்போவை (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) மாற்றியதற்காக நான் கட்டிய தொகை அது. உண்மையில் பழுதாகியிருந்தது ஒரு ரப்பர் ஹோஸ். நேற்று மாலைதான் அதைக் கண்ணால் பார்த்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் சொன்ன அதே வார்த்தைகளை அதே கனிவோடு இந்நேரம் இன்னொருவரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஷோரூமின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தயாரிப்பு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற டீலர், விற்பனையும் சர்வீஸும் ஒரே இடத்தில். அவ்வளவு போதும்.

ஆரம்பம் இப்படி. மேடு ஏறும்போது வண்டி திடீரென்று இழுக்க மறுத்தது. எவ்வளவு மிதித்தாலும் ஒரு வேகத்துக்கு மேல் போகவில்லை, செக் எஞ்சின் லைட் எரிந்தது. ஓரமாக நிறுத்தி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும். அப்புறம் மறுபடியும் அதே கதை. கூடவே இன்னொன்றும் இருந்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது மட்டும் பானட்டுக்குள்ளிருந்து 'உஸ்ஸ்' என்று காற்று சீறும் சத்தம். வண்டி நின்றபடி ஓடும்போது அந்தச் சத்தம் வராது.

எல்லாவற்றையும் சர்வீஸ் அட்வைசரிடம் சொன்னேன். சத்தத்தைப் பற்றி இரண்டாம் முறையும் அழுத்திச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே டைப் செய்தார். ஜாப் கார்டில் என்ன ஏறியிருந்தது தெரியுமா? "பிக்கப் குறைவு, செக் எஞ்சின் லைட்." முடிந்தது. சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பழுது எங்கே என்று காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்ததே அந்தச் சத்தம்தான்.

மறுநாள் போன் வந்தது. "சார், டர்போ போயிடுச்சு. வாரண்டியில வராது." ஏன் வராது? "வேகமா ஓட்டிட்டு வந்து உடனே எஞ்சினை ஆஃப் பண்ணியிருக்கீங்க சார். ஆயில் உள்ளேயே கருகி பேரிங் போயிடுச்சு. இது ஓட்டுற விதத்தால வர்றது, கம்பெனிக் குறை இல்ல."

இப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், அதைத் தாங்குவது எஞ்சின் ஆயில்தான். கொதிக்கும் சூட்டில் அடிக்கடி அணைத்தால் அங்கே தங்கிய ஆயில் கருகிப் படியலாம். அதனால்தான் அவர் சொன்னது காதுக்குச் சரியாகப் பட்டது. ஆனால் என் வண்டியில் அதுதான் நடந்தது என்பதற்கு அவர்கள் கையில் என்ன இருந்தது? ஒரே ஒரு போட்டோ. டர்போவிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, அதன் வாயில் எண்ணெய் மினுக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார்கள். "பாருங்க சார், டர்போ ஆயில் கக்குது."

நேரில் போனேன். அட்வைசர் என்னைத் தனியாக ஓரமாக அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், என் சொந்த வண்டியா இருந்தா நானும் இதைத்தான் பண்ணுவேன். இப்படியே ஓட்டினீங்கன்னா பிளேடு உடைஞ்சு எஞ்சினுக்குள்ள போயிடும், அப்புறம் எஞ்சினே போயிடும். குடும்பத்தோட போற வண்டி. லேபர்ல குறைக்கச் சொல்லி மேனேஜர்கிட்ட நானே பேசறேன்" என்றார். தோளில் கை வைத்துச் சொன்னார். அந்த இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மாதச் சம்பளம். சொன்னபடி லேபரில் கொஞ்சம் குறைத்தும் கொடுத்தார், அதற்கு நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

புது டர்போ போட்ட வண்டி சில நாள் நன்றாக ஓடியது. அப்புறம் அதே மேடு, அதே இழுவைக் குறைவு, அதே லைட், அதே 'உஸ்ஸ்'.

இனிமேல்தான் அலைக்கழிப்பு. முதலில் "புது பார்ட் சார், செட் ஆக டைம் எடுக்கும்" என்றார்கள். பிறகு மேனேஜர் லீவு. பிறகு மேனேஜர் மீட்டிங்கில். தோளில் கை வைத்தவர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். தயாரிப்பு நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் புகார் கொடுத்தால், அதை அப்படியே அதே ஷோரூமுக்கு அனுப்பி வைக்கிறார்கள். யார் மேல் புகாரோ அவர்களே விசாரித்து, "வாடிக்கையாளருக்கு விளக்கம் அளிக்கப்பட்டது" என்று எழுதி மூடிவிட்டார்கள். யாரும் எனக்கு எந்த விளக்கமும் தரவில்லை. மறுபடி கேட்டதற்கு வந்த பதில்: "ஓட்டுற முறையை மாத்தலைன்னா புது டர்போவும் போகத்தான் செய்யும்." இரண்டு மாதச் சம்பளத்தை வாங்கி வைத்துக்கொண்டு எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

பழைய டர்போவைக் கொடுங்கள், வெளியில் காட்டிக்கொள்கிறேன் என்றேன். "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு." நான் பணம் கட்டி மாற்றிய பாகம் அது, என் சொத்து. பில்லை எடுத்துப் பார்த்தால், கீழே பொடி எழுத்தில் "பழைய பாகங்கள் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கப்பட்டன" என்று அச்சாகியிருக்கிறது. டெலிவரி அன்று அடுக்கடுக்காக நீட்டிய காகிதங்களில் அதற்கும் என் கையெழுத்தை வாங்கியிருக்கிறார்கள்.

கடைசியில் நேற்று டீசல் வண்டிகள் மட்டும் பார்க்கும் ஒரு தனி மெக்கானிக்கிடம் போனேன். அவர் எதையும் கழற்றவில்லை. முதலில் சத்தத்தைப் பற்றிக் கேட்டார், எப்போது வரும், எப்போது வராது என்று. பிறகு ஸ்கேனரைப் போட்டார். வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருந்த பழுதுக் குறியீடு, அதாவது கோட், பி0299. அதற்கு அர்த்தம் "டர்போ அழுத்தம் போதவில்லை" என்பதுதான். எதனால் போதவில்லை என்று அந்தக் கோட் சொல்லாது. ஹோஸ் கிழிந்தாலும் அதே கோட் வரும், டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஒழுகினாலும், டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வு சிக்கிக்கொண்டாலும், பிரஷர் சென்சார் தப்பாகக் காட்டினாலும் வரும். டர்போவே போவது அந்தப் பட்டியலில் ஒன்று மட்டுமே, அதுவும் இருப்பதிலேயே விலை அதிகமான ஒன்று.

அடுத்து, காற்று போகும் பாதையில் மெலிதாகப் புகையை விட்டுச் சோதித்தார். சீக்கிரமே இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடியிலிருந்து இழையாகப் புகை வந்தது. கிளாம்பை ஒட்டி, கீழ்ப்பக்கமாக ஒரு கிழிசல். சும்மா பார்த்தால் தெரியவில்லை. கட்டைவிரலால் அழுத்தி வளைத்தபோது வாய் திறந்தது. அதைச் சுற்றி கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தது, இன்று நேற்று கிழிந்ததல்ல. மிதிக்கும்போது உள்ளே அழுத்தம் ஏறிக் கிழிசல் விரியும், காற்று வெளியேறும், சத்தம் வரும். விட்டுவிட்டால் மூடிக்கொள்ளும். டர்போ மாற்றும்போது ஹோஸைக் கழற்றி மறுபடி மாட்டி கிளாம்பை இறுக்கியதில் கிழிசல் சில நாள் அடைபட்டிருக்கும், அதனால்தான் கொஞ்சநாள் ஓடியது என்றார்.

அந்த போட்டோவைக் காட்டினேன். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எஞ்சினுக்குள்ளிருந்து வரும் ஆயில் ஆவி டர்போவுக்கு முன்னால்தான் காற்றுக் குழாயில் வந்து சேர்கிறது. அதனால் குழாயில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு நன்றாக இருக்கும் வண்டிகளிலும் இருக்கும். குழாயில் எண்ணெய் தேங்கி நின்றதா? புகை நீலமாக வந்ததா? ஆயில் மட்டம் குறைந்ததா? தண்டை விரலால் அசைத்து ஆட்டம் பார்த்தார்களா? பிளேடு உரசிய கோடு இருந்ததா? எல்லாவற்றுக்கும் இல்லை, அல்லது பார்க்கவே இல்லை. ஆயில் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை என்பது எனக்கே தெரியும்.

வாரண்டி கையேட்டில் விலக்குப் பட்டியலை இப்போது வரி வரியாகப் படித்துவிட்டேன். பிரேக் பேட், கிளட்ச், வைப்பர், ஃபில்டர், பல்பு எல்லாம் இருக்கின்றன. இந்த ஹோஸ் இல்லை. அதாவது ஒழுங்காகச் சோதித்திருந்தால் ஒரு பைசா செலவில்லாமல் மாற்றித் தந்திருக்க வேண்டும். ஏன் செய்யவில்லை என்பதற்கும் மெக்கானிக் ஒரு காரணம் சொன்னார். வாரண்டி வேலைக்கு நிறுவனம் இத்தனை நேரத்துக்குத்தான் கூலி என்று வரையறுத்துக் கொடுக்கும், பழைய பாகத்தையும் கேட்கும், கணக்கைத் தணிக்கையும் செய்யும். வாடிக்கையாளர் கட்டும் வேலைக்கு அந்தத் தொல்லை எதுவும் கிடையாது. எல்லா டீலரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. என்னிடம் நடந்தது இதுதான்.

இன்று காலை கிழிந்த ஹோஸின் படத்தோடு மெயில் அனுப்பினேன். மதியமே பதில் வந்துவிட்டது, இந்த முறை மட்டும் வேகம்: வெளியில் வண்டியைத் தொட்டதால் இனி வாரண்டி பற்றிப் பேச முடியாதாம். அந்த மெக்கானிக் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. எந்த விதிப்படி என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். நீங்கள் சொன்ன ஒவ்வொரு அறிகுறியும் ஜாப் கார்டில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள். என்ன கோட், அதற்குப் பிறகு என்னென்ன சோதனை, என்ன முடிவு என்று எழுதி வாங்குங்கள், போட்டோவை நம்பாதீர்கள். வாரண்டியில் வராது என்றால் கையேட்டின் எந்தப் பிரிவு என்று மெயிலில் கேளுங்கள். பழைய பாகம் கைக்கு வராமல் டெலிவரி காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்த நிமிடம் உங்கள் வண்டி அப்படி ஒரு இடத்தில் கழற்றிக் கிடந்தால், வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லி இப்போதே ஒரு மெயில் போடுங்கள். பிறகு நேரில் போய், காற்றுக் குழாய்களில் உங்கள் கண் முன்னால் புகை விட்டுக் காட்டச் சொல்லுங்கள்.